பக்கம் 41, படம் 7

"வெறும் நிலமாத் தெரியணும்" என்றார் பிரகலாதன்.
"தண்ணி வேணாம். பறவை வேணவே வேணாம்.
அறிக்கையில வைக்கிற படம்மா, காலண்டர் இல்ல."
மூவாயிரம் முன்பணம்.
மீதி, படம் கொடுக்கிற அன்றைக்கு.

கேளம்பாக்கத்தில் இறங்கும்போது மணி ஐந்தே கால்.
கம்பெனி வண்டிகள் இரவு ஷிஃப்ட்காரர்களைத்
தூக்கம் கலையாமல் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன.
டீக்கடைக்குப் பின்னால் சந்து,
சந்துக்குப் பின்னால் சீமைக்கருவேலம்,
அதையும் விலக்கிப் போனால்
சட்டென்று வானம்
முழங்கால் உயரத்தில் கிடந்தது.

உப்பளம்.
மார்ச் மாத நீர், பாத்தி பாத்தியாக.
ஒன்று ரோஸ் மில்க், ஒன்று துரு,
ஒன்று திரிந்த பால்.
தூரத்து அடுக்குமாடிகள் அதற்குள் தலைகீழாக நின்று
ஒவ்வொரு குளியலறையாக விளக்குப் போட்டுக்கொண்டன.

நான் கல்யாணப் படம் எடுப்பவள்.
அழாதே என்றால் அழுகிற பெண்ணைத் தெரியும்,
சிரிங்க என்றால் விறைக்கிற மாப்பிள்ளையைத் தெரியும்.
கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று
பவளக்காலியிடம் எப்படிச் சொல்வது?
சிவப்புக் குச்சிகளில் ஏற்றிவைத்த கறுப்பு வெள்ளை,
சரியாகச் சட்டகத்தின் நடுவில்,
தன் நிழலின் காலையே கொத்திக்கொண்டு.
அதற்கும் பின்னால் பூநாரைகள்,
நாற்பதோ ஐம்பதோ,
தலையைக் கவிழ்த்துப் போட்டுச் சேற்றைச் சலித்தன.
மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர்கள்போல
ஒன்றும் நிமிரவில்லை.

முக்காலியைச் சேற்றில் இறக்கிக் காத்திருந்தேன்.
வெளிச்சம் ஏறி, மஞ்சளாகி, வீணாகிக்கொண்டிருந்தது.

வாருபலகையைத் தோளில் சாத்திக்கொண்டு தேசம்மாள் வந்தார்.
"யாரு கண்ணு, டிவியா?"
"இல்லக்கா. இந்த நிலத்துக்கு."
"நிலமா?"
எதையோ இங்கே தொலைத்துவிட்டவர்போல
ஒருமுறை சுற்றிலும் பார்த்தார்.
அப்புறம் அவரே சொன்னார்:
"கை தட்டு, போயிடும்.
திரும்ப வந்துடும், அது வேற.
நானும் எத்தினி வருசமா தட்டிக்கினு கீறேன்."

தட்டினேன்.

எழுந்தன.
சிறகுக்கு அடியில் அவ்வளவு நிறத்தையும்
அதுவரை எங்கே மடித்து வைத்திருந்தன?
கெட்டிமேளத்துக்கு மண்டபமே எழுந்து நிற்குமே,
எல்லாப் பட்டும் ஒரே நொடியில் சரசரத்து, அப்படி.
பதினோரு வருடத் தொழிலில்
அந்த நொடியை நான் தவறவிட்டதே இல்லை.
விரல் பொத்தான் மேல்தான் இருந்தது.
அழுத்தவில்லை.
காசு வாங்கியது அந்தப் படத்துக்கு இல்லை.

நீர் அடங்க மூன்று நிமிடம்.
கோணத்தைத் தாழ்த்தினேன். வரப்பு மண் முன்னால்,
உலர்ந்த பாத்தி நடுவில், மேலே வெளிறிய வானம்.
தரிசு.
ஏழு படம். ஏழும் தரிசு.

ராத்திரி சைதாப்பேட்டை வீட்டில்
திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது
ஒரு மண்கட்டிக்குக் கண் இருந்தது.
இன்னும் பெரிதாக்கினேன்.
கொசு உள்ளான்.
சேற்றின் நிறத்திலேயே, சேற்றின் அளவிலேயே,
கைதட்டலுக்கு அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது.
பக்கத்தில் இன்னொன்று.
பதினேழு வரை எண்ணினேன்.
பதினெட்டாவது நிஜமாகவே மண்ணாக இருக்கலாம்.

அழிப்பதற்கு ஒரு தூரிகை உண்டு,
மணப்பெண்ணின் பருவையெல்லாம் அதில்தான் அழிப்பேன்.
எடுத்தேன்.
வைத்தேன்.
அப்படியே அனுப்பினேன்.

பக்கம் 41, படம் 7:
உயிரினங்கள் ஏதும் தென்படவில்லை.
கீழே பொடி எழுத்தில் என் பெயர், பிழையோடு.
மீதிப் பணம் ஜிபேயில் வந்தது.
ஃபோன் ஒரு தடவை சிணுங்கி அடங்கியது.

ஞாயிறு, வடபழனியில் முகூர்த்தம்.
முக்காலியின் ஒரு கால் இறங்க மாட்டேன் என்றது.
பல்லைக் கடித்துத் திருகினேன்.
மேடைக் கம்பளத்தில்
வெள்ளையாகக் கொஞ்சம் உதிர்ந்தது.
"அட்சதையா ஆன்ட்டி?" என்றாள்
பூத்தட்டு பிடித்திருந்த சிறுமி.
நான் பதில் சொல்வதற்குள்
விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டு
முகத்தைச் சுளிக்காமல்
என்னையே பார்த்தாள்.